தட்டையாக இருக்க மறுக்கும் விளிம்பு

கம்பளி நூலில் பின்னிய லேஸ் ஸ்கார்ஃப் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுப்பகுதி ஓட்டை ஓட்டையாக, ஆனால் தட்டையாக இருக்கும். இரு முனைகளிலோ அலை அலையாக ஃப்ரில்! கவுனுக்கு ஃப்ரில் வைக்கும் தையற்காரர் நீளமான துணியைச் சுருக்கி, குட்டையான விளிம்பில் வைத்துத் தைக்கிறார். இந்த ஸ்கார்ஃபிலோ தையலே கிடையாது. ஒரே நூல், இரண்டே ஊசிகள். பிறகு அலை எங்கிருந்து வந்தது?

பின்னும்போது ஊசியின் மேல் வரிசையாக நிற்கும் நூல் வளையங்களைக் கண்ணிகள் என்போம். லேஸில் ஓட்டை வேண்டிய இடத்தில் நூலை ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார்கள். அடுத்த வரிசையில் அது புதிய கண்ணியாகிவிடும். அதன் அடியில் ஓட்டை. அதாவது ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒரு கண்ணி கூடுகிறது. இதை ஈடுகட்ட, வேறோர் இடத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுகிறார்கள். ஒன்று வரவு, ஒன்று செலவு. ஆகவே நூற்றுக்கணக்கில் ஓட்டைகள் விழுந்தாலும் 40 கண்ணிகள் 40 கண்ணிகளாகவே இருக்கும். ஒரு செலவை மறந்தால் 41 ஆகிவிடும், கோலம் கெட்டுவிடும். பின்னுகிறவர்கள் அடிக்கடி உதடு அசைய எண்ணிக்கொள்வது இதற்காகத்தான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில், மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடக்கூடிய மெல்லிய சால்வைகளைக்கூட இந்தக் கணக்கை வைத்தே பின்னினார்கள்.

ஃப்ரில் வேண்டுமா? செலவை நிறுத்திவிட்டு வரவை மட்டும் வையுங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் இருமுறை பின்னினால் 40 கண்ணிகள் 80 ஆகும். மறுபடி செய்தால் 160. 40 கண்ணிகளின் அகலம் 20 செ.மீ. என்றால், 160 கண்ணிகளுக்கு 80 செ.மீ. வேண்டும். மூன்று நான்கு செ.மீ. தூரத்துக்குள் 20 எப்படி 80 ஆகும்? பக்கவாட்டில் விரிய உள்வரிசை விடாது. மேலும் கீழுமாக வளைவதைத் தவிர விளிம்புக்கு வேறு வழியில்லை. தொடக்க முனையில் இதே வேலை தலைகீழாக நடக்கும்: 160-ல் ஆரம்பித்து, இரண்டிரண்டாகச் சேர்த்து 40-க்கு இறங்குவார்கள். ஆசைப்பட்டு ஐந்து முறை இரட்டித்தால் 1280 கண்ணிகள்! கையும் வலிக்கும், நூலும் தீர்ந்துவிடும்.

இதை வட்டத்திலும் பார்க்கலாம். தட்டையான வட்டத்தில் ஆரம் இரு மடங்கானால் சுற்றளவும் இரு மடங்குதான் ஆகும். சுற்றளவு அதைவிட வேகமாக வளர்ந்தால் வட்டம் ஃப்ரில்லாக நெளிந்துவிடும். இப்படிப்பட்ட பரப்புகளுக்கு உரிய அதிபரவளைய வடிவகணிதத்தை ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கி 1829-லும், ஹங்கேரியின் போல்யாய் 1832-லும் தனித்தனியே வெளியிட்டார்கள். ஆனால் மாணவர்கள் கையில் பிடித்துப் பார்க்க உறுதியான மாதிரி கிடைப்பது அரிதாயிருந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டைனா டைமினா 1997-ல் குரோஷா ஊசியை எடுத்தார். இத்தனை கண்ணிக்கு ஒன்று என்று ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனார். நெளிநெளியான மாதிரி தயாராகிவிட்டது!

கோழிக்கொண்டைப் பூவின் மடிப்புகளும் இதே கணக்குத்தானா? டெக்சாஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் நம் கத்தரிச் செடியிலேயே ஒரு சோதனை செய்தார்கள். கத்தரி இலை ஏறக்குறைய தட்டையானது. அதன் விளிம்புக்கு ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனைக் கொடுத்தார்கள். விளிம்பு மட்டும் அதிகமாக வளர்ந்தது. இலை ஃப்ரில் கட்டிக்கொண்டது.

ஊசியும் நூலும் இல்லாதவர்கள் ஒரு பழைய, மெல்லிய பாலிதீன் பையை எடுத்து மெதுவாக இழுத்துக் கிழியுங்கள். கிழியும்போது விளிம்பு இழுபட்டு நீண்டுவிடும். சற்று உள்ளே இருக்கும் பகுதி நீளாது. கிழிந்த ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பெரிய அலையின் மேல் சிறிய அலை, அதன் மேல் இன்னும் சிறிய அலை தெரிகிறதா?