பரண் காலியானது!

போகி என்றால், பரணில் இருப்பதை இறக்கி, தூசு தட்டி, மறுபடியும் ஏற்றுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஒரு சாமானும் வெளியே போனதில்லை!

இந்தத் தடவை அப்படி விடவில்லை. காரணம், என் 2 வயசுப் பெண். அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த இருமல் மருந்தை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தால், காலாவதியாகி 3 வருஷம்! எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது.

முதல் வேலையாக மருந்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். திறந்து மாதக் கணக்கான கண் சொட்டு மருந்து, பாதி சிரப்புகள், யாருக்கு வாங்கியதென்றே தெரியாத மாத்திரைகள்... எல்லாவற்றையும் ஃபில்டரில் மிஞ்சிய காப்பிச் சக்கையோடு கலந்து, கவரில் இறுகக் கட்டி அப்புறப்படுத்தினேன். குழந்தையோ நாயோ கிளறினாலும் சட்டென்று வாயில் வைக்காது, பாருங்கள்.

பிறகு பரண். அங்கேதான் மாமியார்! "இருக்கட்டும்மா, எதுக்காவது உதவும்" என்றார்.

"அத்தை, போன போகிக்கு அப்புறம் இதுல ஒண்ணையாவது இறக்கினோமா?"

பதிலில்லை. 11 ஹார்லிக்ஸ் பாட்டில், பிடி போன குக்கர், உடைந்த பிளாஸ்டிக் வாளிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போயின. எதையும் கொளுத்தவில்லை, பிளாஸ்டிக் புகை குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது.

கடைசியாக ஒரு தகரப் பெட்டி. உள்ளே மாமனாரின் மூக்குக்கண்ணாடி, பேனா, இரண்டு வேட்டி.

"இது மட்டும் வேண்டாம்மா."

துடைத்து, நானே மேலே ஏற்றினேன். பரணில் இப்போது அதுவும் பித்தளை அண்டாவும்தான்.