போக்கர்: கையில் ரெண்டு ஏஸ் இருந்தும் கம்ப்யூட்டர் ஏன் பதுங்குது?

ஹோல்டெம் போக்கரில் தொடக்கத்திலேயே கையில் இரண்டு ஏஸ் வந்தால், அதைவிட நல்ல சீட்டு கிடையாது. பெரும்பாலானோர் உடனே பந்தயத்தை ஏத்திக்கிட்டே போவாங்க. ஆனால் இந்த ஆட்டத்தைக் கரைத்துக் குடித்த ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் அப்படிச் செய்வதில்லை. ஏன்?

முதலில், 'லிமிட்' என்றால் என்ன?

ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு. நான்கு சுற்று பந்தயம். 'லிமிட்' வகையில் பந்தயத் தொகை நிலையானது. முதல் இரண்டு சுற்றில் 10 சிப் என்றால், கடைசி இரண்டில் 20. வழக்கமாக ஒரு சுற்றில் நான்கு பந்தயத்துக்கு மேல் ஏற்ற முடியாது. சினிமாவில் வருவதுபோல மொத்தத்தையும் தள்ளிவிட்டு எதிராளியைப் பயமுறுத்துவது இங்கே நடக்காது.

மிரட்டினால் பயப்பட மாட்டாங்களா?

கஷ்டம்தான். கடைசிச் சுற்றில் நடுவில் 140 சிப் இருக்குன்னு வெச்சுக்கோங்க. நீங்கள் 20 கட்டுறீங்க. இப்போ எதிராளி 20 போட்டால் 160 ஜெயிக்கலாம். அதாவது ஒன்பது முறையில் ஒருமுறை ஜெயித்தாலே அவருக்கு நஷ்டமில்லை. அதனால் சுமாரான சீட்டோடுகூட அவர் விலக மாட்டார். லிமிட்டில் வெறும் மிரட்டலுக்கு மதிப்பு குறைவு.

அப்போ எப்போ ஏத்தலாம்?

எத்தனை பேர் கூட வர்றாங்க என்பதைப் பாருங்கள். உங்களிடம் இரண்டு ஹார்ட்டின், நடுவில் விழுந்த மூன்றில் இரண்டு ஹார்ட்டின். இன்னும் ஒன்று வந்தால் ஃப்ளஷ். மிச்சமிருக்கும் இரண்டு சீட்டில் அது வரும் வாய்ப்பு சுமார் 35%. வந்தால் ஜெயிப்பது நீங்கதான்னு வெச்சுக்குவோம்.

உங்களோடு சேர்த்து நான்கு பேர் தலா 10 போட்டால் மொத்தம் 40. அதில் உங்கள் சராசரிப் பங்கு 14. போட்டது 10தான். ஆக, இன்னும் சீட்டு அமையாதபோதே ஏற்றுவது லாபம். எதிரில் ஒருவர் மட்டும் என்றால் மொத்தம் 20, உங்கள் பங்கு 7. அவர் விலகாதவரை, ஏற்றும் ஒவ்வொரு 10க்கும் 3 நஷ்டம். சீட்டு அதேதான், பதில் வேற!

கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 ஜனவரியில், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமுக்குக் கிட்டத்தட்ட முழுத் தீர்வு கண்டதாக 'சயின்ஸ்' இதழில் அறிவித்தார்கள். புரோகிராமின் பெயர் செஃபியஸ். 4,800 பிராசஸர் கோர்கள் 68 நாளுக்கு மேல் கணக்குப் போட்டன. மணிக்கு 200 ஆட்டம், நாளுக்கு 12 மணி நேரம் என 70 வருஷம் ஆடினாலும், இது குறையில்லாத ஆட்டம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு அதன் பிழை சிறியது.

இந்த செஃபியஸ் டீலராக இருக்கும்போது, முதல் முறையே வெறுமனே ஈடுகட்டி உள்ளே வருவது மிக அபூர்வம். ஏற்றும், இல்லையென்றால் விலகும். ஆனால் எதிராளி திருப்பி ஏற்றினால், முதல் சுற்றின் கடைசி ஏற்றத்தை அது அநேகமாகத் தொடுவதே இல்லை. இரண்டு ஏஸ் இருந்தாலும் அந்த ஏற்றம் 0.01 சதவீதத்துக்கும் குறைவு.

காரணத்தை ஊகிக்கலாம். நல்ல சீட்டுக்கு மட்டும் கடைசிவரை ஏற்றினால் எதிராளி உஷாராகிவிடுவார். அடக்கி வாசித்தால் ரகசியம் தப்பும். பந்தயம் இரட்டிப்பாகும் சுற்றுகள் இன்னும் பாக்கி. அங்கே டீலருக்குத்தான் கடைசியில் முடிவெடுக்கும் வசதி.

இதைப் படிச்சா பணம் பண்ணலாமா?

இல்லை. செஃபியஸும் தனித்தனி ஆட்டங்களில் தோற்கும். அதன் மேன்மை தெரிவது ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் சராசரியில்தான். 'இன்னும் ஒரே ஒரு கை ஆடி விட்டதைப் பிடிச்சுடலாம்' என்பதற்கு இந்தக் கணக்கில் எந்த ஆதாரமும் கிடையாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். வீட்டில் சீட்டுக்கட்டும் புளியங்கொட்டையும் இருந்தால், மேலே சொன்ன கணக்கைப் பைசா செலவில்லாமல் சோதிச்சுப் பார்க்கலாம்.