முந்திரி உடைக்கும் கைக்கு எந்த சோப்பு?



பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் நம் உறுப்பினர்களின் கைகள் தோல் கறுத்து, உரிந்து கிடக்கின்றன. ரேகை தேய்ந்து, ரேஷன் கடை மெஷினில் விரல் பதியாமல் அவதிப்படுபவர்களும் உண்டு. "எந்த சோப்பு போட்டாலும் போக மாட்டேங்குதே" என்று கூட்டங்களில் கேட்கிறீர்கள்.

சோப்பு மட்டும் போட்டால் போகாதுதான். ஓட்டில் இருப்பது தோலை வேக வைக்கிற எண்ணெய். அது தண்ணீரில் கரையாது, இன்னொரு எண்ணெயில்தான் கரையும். அதனால் வேலை முடிந்ததும் தண்ணீரில் கை வைக்காமல், முதலில் தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ ஊற்றி, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து, பழைய துணியால் துடையுங்க. இரண்டு தடவை செய்தால் நல்லது. பிறகுதான் சோப்பு. துடைத்த துணி பிள்ளைகள் கையில் படக் கூடாது.

துணி சோப்பு, சோடா, மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். கறை சீக்கிரம் போகிற மாதிரி தெரியும். ஆனால் தோலின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து போய் வெடிப்பு விழும். மறுநாள் அந்த வெடிப்பு வழியாகவே ஓட்டு எண்ணெய் உள்ளே இறங்கும்.

குளியல் சோப்பு உறையில் 'டி.எஃப்.எம்.' என்று போட்டிருக்கும். 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். வாசனையெல்லாம் அப்புறம்.

ஏற்கெனவே வெந்து கறுத்த தோல் அழுக்கு இல்லை. கல்லால் தேய்க்காதீங்க. புதுத் தோல் வளர்ந்தால்தான் மாறும்.

உடைக்க உட்காரும் முன்பும் எண்ணெய் பூச வேண்டும். இதற்கெல்லாம் காசு யார் தருவது? கிலோ கணக்கில் கூலி தருகிற முதலாளிதான் தர வேண்டும் என்பது எங்கள் கருத்து. அடுத்த கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி அனுப்புங்க.