"தேங்க்ஸ்" என்றால் என்ன?

மாமல்லபுரம் கடற்கரைக் கோவிலைக் காண வெளிநாட்டார் பலர் வருகிறார்கள். அங்கே சங்குமாலை விற்பவரிடம் மாலை வாங்கியவர் "தேங்க்ஸ்" என்பார். அது நன்றி. வாங்காதவரோ "நோ தேங்க்ஸ்" என்பார். அதற்கு "வேண்டாம்" என்று பொருள். "தேங்க்ஸ்" காதில் விழுந்ததும் காசு வரும் என்று எண்ணினால் ஏமாற்றம்தான்!

ஆங்கிலத்தில் "தேங்க்" என்பதும், நினைப்பதைக் குறிக்கும் "திங்க்" என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. உதவியை நினைப்பதே "தேங்க்ஸ்".

நம் "நன்றி"யின் பழைய பொருள் நன்மை. திருக்குறளின் 11-ம் அதிகாரம் "செய்ந்நன்றி அறிதல்". அதாவது, பிறர் செய்த நன்மையை மறவாதிருத்தல்.

செங்கல்பட்டுக் கிராமத்துப் பாட்டி, தண்ணீர் கொடுத்தவரிடம் "நன்றி" என்று சொல்லமாட்டாள். "நல்லா இருப்பா" என்பாள். அதுவும் நன்றிதானே!

வாய் எதைச் சொன்னாலும் சரி, மனம் மறக்கக்கூடாது.