காளை முட்டினாலும் சாயாத வேலி!

எண்ணெய்க் கிணற்றுப் பழைய குழாய்களில் கட்டுகிறார்கள்

முரட்டுக் காளை ஒன்று. எடை 800 கிலோ. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பசுவைப் பார்த்துவிட்டது. தலையைக் குனிந்து பாய்ந்தது.

வேலி "கிண்" என்று அதிர்ந்தது. ஆனால் சாயவில்லை. காளைதான் பின்வாங்கியது!

மர வேலியாக இருந்தால் முறிந்திருக்கும். முள்கம்பி வேலியாக இருந்தால் காளையின் தோல் கிழிந்திருக்கும். இதுவோ குழாய் வேலி. அமெரிக்காவில் டெக்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களின் மாட்டுப் பண்ணைகளில் இதைப் பார்க்கலாம்.

வேலி தாண்டினால் ஆபத்து

அங்கே வேலி உடைந்தால் நஷ்டம் பயிருக்கு மட்டும் அல்ல. மாடு சாலைக்கு வந்துவிடும். வேகமாக வரும் கார் அதன் மேல் மோதினால், மாடும் சாகும், மனிதரும் சாகலாம்.

1874-ம் ஆண்டில் ஜோசப் கிளிட்டன் என்ற விவசாயி முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மலிவான அந்தக் கம்பி, பரந்த புல்வெளிகளை வளைத்தது. ஆனால் கம்பி துருப்பிடிக்கும். மரத் தூண்கள் உளுத்துப்போகும்.

1901 ஜனவரி 10-ந் தேதி டெக்சாசில் ஸ்பிண்டில்டாப் என்ற மேட்டில் எண்ணெய் பீறிட்டது. பிறகு எங்கும் கிணறு தோண்டினார்கள். கிணறு வற்றினால் குழாயை வெளியே எடுத்துவிடுவார்கள். பழைய இரும்பு குவிந்தது. அதை வேலிக்குத் தூணாக்கினார்கள் விவசாயிகள்!

எப்படிக் கட்டுகிறார்கள்?

குழாயை 8 அடித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். 3 அடி மண்ணுக்குள். 5 அடி வெளியே. குழியில் சிமெண்டுக் கலவை போடுகிறார்கள்.

தூணின் தலையைப் பிறை போல் வெட்டுகிறார்கள். அதன் மேல் நீளக் குழாயைக் கிடத்திப் பற்றவைக்கிறார்கள். அதற்குக் கீழே நாலைந்து வரிசை எஃகுக் கயிறு. தேர் வடம் போல் பல இழைகளை முறுக்கிச் செய்தது அது.

கயிற்றின் முனையில் ஸ்பிரிங் வைப்பதும் உண்டு. ஏன் தெரியுமா? வெயிலில் கயிறு நீளும், குளிரில் சுருங்கும். மாடும் முட்டும். ஸ்பிரிங் இருந்தால் கயிறு தொய்யாது.

குழாய்க்குள் எமன்

இந்த வேலையில் அவசரம் கூடாது. பழைய குழாய்க்குள் எண்ணெய்க் கசடு இருக்கலாம். தீயால் வெட்டும்போது அதன் ஆவி பற்றி வெடிக்கும். சில குழாய்களின் உள்ளே படிந்த காறையில் ரேடியமும் இருக்கும். ஆகவே, கருவி வைத்துச் சோதித்து, சுத்தம் செய்த குழாயைத்தான் வாங்கவேண்டும்.

தூணின் வாயைத் திறந்து விடுவதும் தவறு. மழைநீர் இறங்கும், உள்ளே துரு தின்னும். கூடு கட்ட இடம் தேடி நுழையும் சிறு பறவை, வழவழப்பான குழாயில் ஏறி வர முடியாமல் செத்துப்போகும். ஒரு மூடியைப் பற்றவைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

மூலைத் தூணே முக்கியம்

இந்த வேலியின் பலம் எங்கே இருக்கிறது? மூலையில்!

எல்லாக் கயிறுகளும் மூலைத் தூணைத்தான் இழுக்கின்றன. அதனால் அதைப் பருத்த குழாயில் செய்து, ஆழமாக நட்டு, சாய்வாக முட்டுக் கொடுக்கிறார்கள். சிமெண்டு நன்றாக இறுகிய பிறகே கயிற்றை முறுக்குகிறார்கள். பொறுக்காமல் முறுக்கினால் தூண் சாயும்.

நூறு தூண்கள் நேராக நின்று என்ன பயன்? மூலைத் தூண் ஒன்று சாய்ந்தால் கயிறு அத்தனையும் தொய்ந்துவிடும். காளைக்கு வழி பிறந்துவிடும்!