கொழுப்பைக் குறைக்குந் தேகாப்பியாசம்

நீரிழிவு மலிந்துவரும் நம் நாட்டில், வயிற்றிற் படியுங் கொழுப்பைக் குறைத்தல் பலர்க்கும் அவசியமாயிற்று. அதற்கு ஓடுதல் சிறந்ததா, பளு தூக்குதல் சிறந்ததா?

கொழுப்பாவது செலவாகாது எஞ்சிய உணவின் சேமிப்பு. ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. ஆதலின் அது சில நாட்களிற் கரைவதன்று.

2012ஆம் ஆண்டில் வெளியான, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வொன்று இவ்வினாவைத் தெளிவிக்கின்றது. எடை மிகுந்தோர் பலர் எட்டு மாதங்கள் மூவகையாகப் பயின்றனர். ஓட்டம் முதலிய பயிற்சி செய்தோர்க்குக் கொழுப்புக் குறைந்தது. பளுப்பயிற்சி செய்தோர்க்குத் தசை வளர்ந்தது. கொழுப்போ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இரண்டையுஞ் செய்தோர் இரு பயனும் எய்தினர். ஆயினும் அவர்க்கு இருமடங்கு நேரம் வேண்டியிருந்தது.

ஆகவே, ஓய்வுநேரஞ் சுருங்கியோர் ஓட்டத்தையோ விரைநடையையோ முதற்கண் மேற்கொள்வாராக. எனினும் பளுப்பயிற்சியை முற்றாக ஒதுக்குதல் தகாது. உணவைச் சுருக்குங்காற் கொழுப்புடன் தசையுந் தேயும். அத்தேய்வைத் தடுக்க அப்பயிற்சி உதவும். வயிற்றுத் தசைகளை மட்டும் வருத்துவதால் வயிற்றுக் கொழுப்புக் கரையாது.

உலக சுகாதார தாபனம் 2020இல் வளர்ந்தோர்க்கு வகுத்த நெறியும் இரண்டையுந் தழுவியதே: வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு; இரு நாட்களேனுந் தசைப்பயிற்சி. இவற்றோடு உணவளவும் குறைதல் வேண்டும். அன்றேற் பயிற்சியின் பயன் சிறிதேயாகும்.