கூடையும் பதிவேடும்

அனந்த சதுர்த்தசியன்று விநாயகரைக் கரைக்க முட்டா நதியின் துறைகளில் திரளும் ஜனக்கூட்டத்தின் நடுவே, மாலையும் அருகம்புல்லும் நீரில் விழாதபடி நிர்மால்யத்தைக் கூடைகளில் ஏந்தி வாங்கும் கல்லூரி வாலிபர்களைப் புணேவாசிகள் நன்கு அறிவார்கள். ஒருவர் மார்பில் கோனார்க் ரதச்சக்கரம் பொறித்த நாட்டு நலப்பணித் திட்டச் சின்னம். அருகே நிற்பவரோ எந்த ஸ்தாபனத்தையும் சாராமல் சிநேகிதர்களோடு தாமாகவே வந்தவர். கூடையில் வித்தியாசமில்லை. முதலாமவர் நின்ற நேரத்தைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு உண்டு என்பதே வித்தியாசம்.

இந்தப் பதிவேட்டுக்குப் பூர்வகதை உண்டு. 1959-இல் ஸி. டி. தேஷ்முக் தலைமையிலான குழு, சர்வகலாசாலையில் சேருமுன் மாணவர்களுக்கு ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாய சேவை வேண்டும் என்றது. பல தேசங்களின் வழக்கத்தை ஆராய்ந்த கே. ஜி. ஸையிதைனோ, விரும்பியவர் செய்வதே உசிதம் என்றார். பிந்திய அபிப்பிராயம் வென்றது. காஞ்சிபுரத்தில் பிறந்த வி. கே. ஆர். வி. ராவ் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1969 செப்டம்பர் 24-ஆம் நாள், 37 சர்வகலாசாலைகளில் 40,000 மாணவர்களோடு இத்திட்டம் உதயமாயிற்று. நூறு மாணவர் கொண்ட அணிக்கு ஓர் ஆசிரியர் அலுவலர். இரண்டாண்டில் 240 மணி நேரச் சேவை. ஏழு நாள் கிராம முகாம். முடிவில் ஒரு சான்றிதழ்.

இந்த மேற்பார்வையை நான் இகழமாட்டேன். மகளை ஏழு நாள் அயலூர் முகாமுக்கு அனுப்பும் தாய்க்கு ஒரு பொறுப்பாளரின் பெயர் தெரிந்தாக வேண்டும். அரிசி வாங்கிய பணத்துக்கும் கணக்கு வேண்டும். ஆனால் தொண்டை மணிக்கணக்கால் அளக்கத் தொடங்கிய மாத்திரத்தில், குழி தோண்டி மரக்கன்று நட்டது ஏட்டில் ஏறிவிடுகிறது. மறு வேனிலில் அதற்குத் தண்ணீர் சுமந்தவனின் பிரயாசை எந்தப் பத்தியிலும் இடம் பெறுவதில்லை. இதை எடுத்துரைக்கக்கூடிய மாணவர் மன்றமும், மகாராஷ்டிரத்தின் 1994-ஆம் ஆண்டுச் சர்வகலாசாலைச் சட்டத்தின்கீழ், தேர்தலின்றி மதிப்பெண்ணில் முந்தியவர்களைக் கொண்டே நெடுநாள் நிரப்பப்பட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம்தான் தேர்தலுக்கு மீண்டும் இடமளித்தது. கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவர் சக மாணவரின் குறையைச் சொல்லவும் வல்லவர் என்று யார் கண்டார்களோ!

சுதந்திரமாக இயங்கும் குழுக்களின் சத்துரு கல்லூரி முதல்வர் அல்லர், பட்டமளிப்பு விழாதான். மூன்றாண்டுக்கொரு முறை, வேலை பழகியவர்கள் அனைவரும் ஒருசேரப் போய்விடுகிறார்கள். சேரிக் குழந்தைகளின் மாலை வகுப்பு அடுத்த ஆனியில் பூட்டிக் கிடக்கும். தேசத் தலைவர் கோகலே இதை உணர்ந்தவர் என்றே தோன்றுகிறது. புணேயின் பெர்குஸன் கல்லூரியில் பல்லாண்டு போதித்து 1902-இல் விலகிய அவர், 1905 ஜூன் 12-ஆம் நாள், அக்கல்லூரியை அடுத்த குன்றின்மேல் இந்திய ஊழியர் சங்கத்தை ஸ்தாபித்தார். கல்லூரிக்கு அடுத்ததுதான், ஆனால் அதன் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. அதனால் கட்டுப்பாடு தளர்ந்துவிடவில்லை. ஏழு விரதங்களும் ஐந்தாண்டுப் பயிற்சியும் எந்தப் பதிவாளரும் விதிக்கத் துணியாதவை. 1915-இல் அவர் மறைந்தபின் சங்கத்தின் தலைமையை ஏற்றவர் நம் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார். ஸ்தாபகரின் மறைவையும் தாங்கி நிற்க, அக்கட்டுப்பாடு உதவியிருக்க வேண்டும்.

இன்றைய மாணவனிடம் ஆயுட்கால விரதத்தைக் கேட்பது நியாயமன்று. பணக்கணக்கையும் முகாமின் பாதுகாப்பையும் ஆசிரியர் பார்க்கட்டும். எந்தக் கிராமம், என்ன வேலை, எத்தனை நாள் என்பதை மாணவரே தீர்மானிக்கட்டும். அதற்கு ஈடாக, விடைபெறும் மாணவர்கள் தம் கைப்பட ஒரு நோட்டு எழுதி வைத்துப் போகட்டும்: எந்தச் சந்தில் எந்தக் குழந்தைக்குக் கழித்தல் கணக்கு இன்னும் பிடிபடவில்லை, நட்ட கன்றுகளில் எவை பட்டுப்போயின, வகுப்பறைச் சாவி எந்த வீட்டுப் பாட்டியிடம் இருக்கிறது என்று.